அக்காவின் நேரான கால்கள்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் இந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானுக்கு ரத்தம் சுத்தம் செய்ய வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி என்பது இன்னும் அப்படியேதானா? இங்கே நானும் மகளும் இருக்கிறோம். சௌக்கியமா என்று கேட்டால் நம் வீட்டுப் பதில்தான், உனக்கே தெரியும்.

கடிதம் எழுத உட்கார்ந்தாலே மகள் கிண்டல் செய்கிறாள். "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் எழுதறா? போன் பண்ணிப் பேசேன்" என்கிறாள். "நானும் உங்க பெரியம்மாவும் போன்ல பேசினா பத்து நிமிஷத்துல சண்டை வந்துடும். லெட்டர்னா பதில் வர்றதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்று சொன்னேன். நம்மைப் பற்றி வேறென்ன சொல்ல?

பார்லரில் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் நிற்க முடியவில்லை, அக்கா. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கடை. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தங்கள் முடியைப் பார்க்கிறார்கள் என்று பெயர்தான், பாதி நேரம் என் காலைத்தான் பார்க்கிறார்கள். இடது முட்டி வலது முட்டியை இடித்துத் தள்ளுகிறது. பாதம் இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் என் காலைப் பார்த்துக் கத்திரி என்று பெயர் வைத்தார்களே, அவர்கள் இப்போது பார்த்தால் என்ன பெயர் வைப்பார்களோ.

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள் என்று மகள் நச்சரிக்கிறாள். நான் உன்னைத்தான் கை காட்டுகிறேன். "உங்க பெரியம்மாவுக்கும் இதே முட்டி இடிக்கிற காலுதான். ரெண்டையும் வெட்டி நிமித்தி இரும்பு வச்சாங்க. பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மழை வந்தா குத்துது, படி ஏறினா உயிர் போகுதுன்னு எழுதறா. எனக்கு எதுக்குடி அந்த வம்பு?" என்று வாயை அடைத்துவிட்டேன். அம்மா போனபோது நீ குச்சியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் நாம் நேரில் பார்க்கவே இல்லையே. அத்தானை விட்டுவிட்டு நீ வர முடியாது, இந்தக் காலோடு நான் அவ்வளவு தூரம் வர முடியாது.

இப்போது உன் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
கத்திரி


ஜனவரி 29

அன்புள்ள கத்திரிக்கு,

உன் கடிதம் வந்தது. நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். குழந்தை என்றால் அவள் முறைப்பாள், நான் அப்படித்தான் சொல்லுவேன். அத்தானுக்கு அதே மூன்று நாள்தான். போய்வந்தால் சோர்ந்து படுத்துவிடுகிறார், மறுநாள் எழுந்து குறுக்கெழுத்துப் போட்டி போட ஆரம்பித்துவிடுகிறார்.

இங்கே எங்கள் கட்டடத்தில் லிப்ட் கெட்டுப்போய் இரண்டு வாரம் ஆகிறது. மருமகள் ஆபீசிலிருந்து வந்து கீழே வாசலிலேயே உட்கார்ந்து அழாத குறை. நேற்று மொட்டை மாடியில் காயப் போட்ட துணியை எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், லிப்ட் சரியாக இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். வாடகை மட்டும் முதல் தேதி சரியாகக் கேட்கிறார்கள்.

என் காலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். என்னத்தைச் சொல்ல? ஓட்டை வண்டி, ஓடுகிற வரைக்கும் ஓடும். குளிரில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. வயசானால் எதுதான் பழையபடி இருக்கிறது? நீ வெந்நீர் ஒத்தடம் கொடு. எடை கூடாமல் பார்த்துக்கொள். கடையில் ஒரு ஸ்டூல் போட்டு நடுநடுவே உட்கார். நீ எழுதுவதைப் பார்த்தால் ஏதோ நாளைக்கே கால் கழன்று விழுந்துவிடும் போல இருக்கிறது. நீ எப்போதும் அப்படித்தான் எழுதுவாய்.

அடிக்கடி எழுது. உடம்பு பத்திரம்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும். என் உடம்பு இருக்கிற லட்சணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் கடையில் விழுந்துவிட்டேன். ஒரு வக்கீல் அம்மாள் வழக்கமாக வருவார். அவருக்கு ஒரு பக்கம் வெட்டி முடித்துவிட்டு மறு பக்கம் போக நாற்காலியைச் சுற்றினேன். இடது முட்டி உள்பக்கமாக மடிந்தது. வலிகூட இல்லை, அக்கா, கால் அப்படியே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. கத்தரிக்கோல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உதவிக்கு இருக்கிற பெண் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்தது அந்த வக்கீல் அம்மாள்தான், கழுத்தில் துணியோடு, ஒரு பக்கம் முடி தோள் வரைக்கும் மறு பக்கம் காது வரைக்கும். "நீங்க உட்காருங்க, மீதியை இந்தப் பொண்ணு வெட்டட்டும்" என்றார். உதவிக்காரப் பெண் வெட்டினாள். நன்றாகவே வெட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் விழுந்ததைவிட அதிகம் வலித்தது.

எலும்பு முறியவில்லை. முட்டிக்கு ஒரு பட்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் இனிமேல் எப்போது மடியும் என்று தெரியாது என்கிறார்கள். இந்தத் தொழிலில் ஒரு ஆள் முடியை முடிக்க நாற்காலியை எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்று உனக்குத் தெரியாது. நீ டிக்கெட் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்தே வேலை பார்த்தவள், உன் காலை எந்தப் பயணியும் பார்த்ததில்லை. எனக்கு நிற்பதுதான் வேலை. என் வீட்டுக்காரர் போன பிறகு என்னையும் மகளையும் அந்த நாற்காலிதான் நிறுத்தி வைத்தது. அதைச் சுற்ற முடியாவிட்டால் கடையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான், அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஒரு தடவை உபதேசம், ஒத்தடம் எல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொல். ஆபரேஷன் செய்துகொண்டது சரியா, தப்பா? நீ சொன்னால் கேட்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடி,
உன் கத்திரி


மார்ச் 18

அன்புள்ள கத்திரிக்கு,

விழுந்தாய் என்று படித்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இப்போது எப்படி இருக்கிறாய்? உடனே பதில் எழுத நினைத்தேன். அத்தானை நாலைந்து நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

நீ கேட்டதற்கு என்ன சொல்ல? என்னைப் பார்த்து நீ முடிவு எடுக்காதே. கால் ஆளுக்கு ஆள் மாறும், டாக்டருக்கு டாக்டர் மாறும். ஒருத்தருக்குச் சரியாக வரும், ஒருத்தருக்கு வராது. நல்ல டாக்டராகப் பார்த்துக் கேள். என் கால் விஷயமெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை, நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

அடுத்த வாரம் மருமகள் ஆபீஸ் வேலையாக உங்கள் ஊருக்கு வருகிறாள். உன் கையால் முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அவளுக்குப் பிடித்த மாதிரி வெட்டிவிடு. அவள் வாய் ஓயாது. சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே.

பட்டையைக் கழற்றாதே. ஜாக்கிரதையாக இரு.

உன் அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் மருமகள் வந்தாள். நல்ல பெண். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே அவளுக்கு வெட்டிவிட்டேன்.

"அத்தைக்கு இப்ப கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அத்தைக்கா? அவங்களுக்கு என்ன சித்தி! லிப்ட் ரிப்பேர்னா நாங்கெல்லாம் கீழேயே உட்கார்ந்துடுவோம். அத்தை காய்கறிப் பையைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறிப் போய், நாங்க வர்றதுக்குள்ள டீ போட்டு வச்சிருப்பாங்க. ஆஸ்பத்திரியில நர்ஸெல்லாம் கேட்பாங்க, 'உங்களுக்கா ரெண்டு முட்டியும் மாத்தினது'ன்னு. மாமா படுத்திருக்கிற நேரம் பூரா இவங்க வெளியில நடைபாதையில நடந்துக்கிட்டே இருப்பாங்க. பத்து வருஷத்துக்கு மேல இப்படித்தான் சித்தி. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

என் கை நின்றுவிட்டது. "என்ன சித்தி, தப்பா வெட்டிட்டீங்களா?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னேன்.

அக்கா, அவள் சொன்னது உன்னைப் பற்றித்தானா?

கத்திரி


ஏப்ரல் 24

அன்புள்ள கத்திரிக்கு,

உன் கடிதத்தில் என் உடம்பைப் பற்றிக் கேட்கவும் இல்லை, உன் உடம்பைப் பற்றிச் சொல்லவும் இல்லை. நானே கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

ஆமாம், என்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் நான் என்னவோ உன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி நீ நினைப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் வீட்டில் நன்றாக இருக்கிறேன் என்று யார், எப்போது சொன்னார்கள்? அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்த அன்று அம்மா அக்கம்பக்கத்தில் என்ன சொன்னாள்? "சம்பளம் ஏறினா செலவும் ஏறும், என்ன இருக்கு இதுல?" நீ வகுப்பில் முதலாவதாக வந்தபோது "ஏதோ பாஸ் பண்ணிட்டா." நான் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோது "ஒல்லியா ஏதோ ஒண்ணு." நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும், ஒரு குறையைச் சொல்லி மூடி வை என்று எனக்கும் உனக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே வாய்தானே?

முதல் வருஷம் நிஜமாகவே உயிர் போனது. அம்மா போனபோது நீ பார்த்தது பொய்யில்லை. ஏன்தான் செய்துகொண்டோமோ என்று அழுதிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் கவுன்ட்டரை மூடிவிட்டு எழுந்தேன், வலி இல்லை. மறுநாளும் இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்தேன். கால் நேராகிவிட்டது, வலியே இல்லை என்று எழுதினால் அந்த வாரமே எங்காவது விழுந்து வைப்பேன் என்று பயம். அதுவும் நீ அந்தக் காலோடு நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறாய், உன்னிடம் போய் என் காலைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவா? அதனால் மழை வந்தால் குத்துகிறது என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் படி ஏறினால் வலி என்று எழுதினேன். அப்படியே வந்துவிட்டது.

நீ மட்டும் என்ன? உன் மகளுக்கு அத்தனை பெரிய வேலை கிடைத்தபோது "ஏதோ ஒரு வேலை, தூரம், பஸ் கிடைக்காது" என்று எழுதினாய். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேனா? சந்தோஷத்தில் இனிப்பு வாங்கி, அத்தானுக்குத் தெரியாமல் சமையலறையில் நின்று தின்றேன். முட்டி வலி, நிற்க முடியவில்லை என்று வருஷா வருஷம் நீ எழுதினாயே, அதையும் அப்படித்தான் படித்தேன். கடை நன்றாக ஓடுகிறது, கண்படக்கூடாது என்று காலைக் குறை சொல்கிறாள் என்று நினைத்தேன். நீ விழுந்தாய் என்று எழுதும் வரைக்கும் நீ நன்றாக இருக்கிறாய் என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபப்படாமல் பதில் எழுது. நல்ல டாக்டரைப் பார்த்தாயா?

உன் அக்கா


மே 19

அக்காவுக்கு,

அத்தான் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். நிற்க வைத்து, படுக்க வைத்து, காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"எட்டுப் பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தா சாதாரண மூட்டு போட்டு அனுப்பியிருப்பேன். இந்த மாதிரி முட்டி இடிக்கிற கால் நிறைய பண்ணியிருக்கோம், நேரத்துல பண்ணினா பதினஞ்சு இருபது வருஷம் நல்லாவே ஓடும். இப்ப உங்களுக்கு உள்பக்கத் தசைநார் பழைய எலாஸ்டிக் மாதிரி தொங்கிப்போச்சு. வெளிப்பக்கம் எலும்பே தேஞ்சு குழியா இருக்கு. இதுக்குக் கீல் வச்ச பெரிய மூட்டுதான் போடணும். அது அவ்வளவு வருஷம் வராது."

இன்னும் இருக்கிறது. இவ்வளவு வளைந்த காலை நிமிர்த்தும்போது வெளிப்பக்கமாக ஓடுகிற நரம்பு இழுபடுமாம். பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாமாம். பலருக்குத் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது என்றார்.

கடைசியில் கேட்டார், "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

"எங்க வீட்ல நல்லா இருக்கோம்னு சொல்ற வழக்கம் இல்லை டாக்டர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. எழுந்து வெளியே போய்விட்டாள்.

அக்கா, சம்பளத்துக்கும் பரீட்சைக்கும் அம்மா சொல்லிக்கொடுத்தது சரி. வெட்டித் தைக்கிற விஷயத்திலுமா? நீ குறையாக எழுதியதை நான் குறையாகவே படித்தேன். நான் குறையாக எழுதியதை நீ நிறைவாகப் படித்திருக்கிறாய். இனிப்பு வேறு வாங்கித் தின்றிருக்கிறாய். பிப்ரவரியில் நேராகச் சொல் என்று கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் ஆளுக்கு ஆள் மாறும் என்று எழுதினாய். அம்மாமேல் பழியைப் போடாதே, அவள் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு உன்மேல்தான் கோபம்.

ஜூலையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். செய்துகொள்ளப் போகிறேன். வேறு வழி இல்லை.

கத்திரி


ஜூன் 11

அன்புள்ள கத்திரிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பாடு இறங்குகிறதா?

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

ஆபரேஷன் தேதியைச் சொல். நான் வருகிறேன். அத்தானை மகன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான், ஆபீசில் லீவுகூடக் கேட்டுவிட்டான். முதல் மாதம் உன்னால் தனியாக எழுந்திருக்கக்கூட முடியாது. எந்த நேரத்துக்கு மாத்திரை, எப்படிப் படுக்க வேண்டும், எப்போது காலைத் தொங்கப் போடலாம் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உடனே பதில் எழுது.

உன் அக்கா


ஜூலை 20

அன்புள்ள கத்திரிக்கு,

ஜூனில் எழுதியதற்குப் பதில் இல்லை. கோபித்துக்கொண்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்பி எழுதுகிறேன். ஆபரேஷன் நடந்துவிட்டதா, இனிமேல்தானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. போன் செய்தால் குழந்தை "அம்மா தூங்கறாங்க பெரியம்மா" என்கிறாள், காலையிலும் சொல்கிறாள், மத்தியானமும் சொல்கிறாள்.

நீ பிப்ரவரியில் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

என் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. காலையில் எழுந்ததும் கால் ஞாபகமே வருவதில்லை. மார்க்கெட்டுக்கு நடந்து போகிறேன், நடந்து வருகிறேன். மாடி ஏறுகிறேன். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு வருகிறேன். கால் நேரானதில் நான் உயரமாகிவிட்டேன், பழைய உடுப்பெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, ஒவ்வொன்றாக மடிப்பைப் பிரித்துத் தைத்தேன். அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்து "என்ன, இந்த வயசுல வளர்றே?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை உனக்கு எழுதவே இல்லை.

முடியாததையும் சொல்கிறேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. மண்டியிட முடியாது. எழுந்திருக்கும்போது வலது முட்டியில் டக்கென்று ஒரு சத்தம் வரும், வலிக்காது. போன வருஷம் எக்ஸ்ரே பார்த்து, நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இன்னும் சில வருஷத்தில் அதை மட்டும் மாற்ற வேண்டி வரலாம் என்றார்கள். அவ்வளவுதான். மழை வந்தால் குத்துவதில்லை. ஒரு நாளும் குத்தியதில்லை.

செய்துகொண்டது சரிதான், கத்திரி. நீ கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இருந்தது. பத்து வருஷம் முன்னாலேயே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. நீ என்னைத் திட்டினால்கூடத் தேவலை. பேசாமல் இருக்காதே.

உன் அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பெரியப்பா எப்படி இருக்கிறார்? அம்மா எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

ஆபரேஷன் ஜூலை மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. இடது கால் மட்டும்தான். வலது காலை இப்போதைக்குத் தொடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா வாக்கர் வைத்து வீட்டுக்குள் நடக்கிறாள். உங்கள் கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "பதில் எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன். "எனக்குக் கை இருக்கு" என்றாள்.

நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னை மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழந்தை


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்குச் சோர்வு குறைந்திருக்கிறதா? நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. ஜூலைக் கடிதத்தில் விவரமாகவே எழுதிவிட்டாய்.

என்னைப் பற்றிச் சொல்கிறேன். கால் நேராகிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக் கல்யாண போட்டோ காட்டுகிற மாதிரி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். முட்டி மடிகிறது, நீளுகிறது, உள்பக்கம் ஓடிப்போவதில்லை. அவர் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பாதம் எழும்பவில்லை. பிசியோதெரபி பெண் தினமும் வந்து "கட்டைவிரலை உங்க பக்கம் தூக்குங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறாள். நான் முகத்தைத்தான் தூக்குகிறேன், விரல் அங்கேயே கிடக்கிறது. தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தகட்டைக் காலோடு சேர்த்துக் கட்டிச் செருப்புக்குள் விட்டிருக்கிறார்கள். நரம்பு திரும்ப ஒரு வருஷம்கூட ஆகலாமாம். அது வராமலும் போகலாம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை, அவள் வயசுக்கு அவளால் சொல்ல முடியவில்லை.

கடையை உதவிக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். கல்லாவில் வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டாள். ஒரு நாள் போனேன். மூன்று கண்ணாடியிலும் என்னைப் பார்த்தேன். இடது கால் நேராக நிற்கிறது, இரண்டு முட்டிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. என் வாழ்க்கையில் முதல் தடவை. அந்தக் காலோடு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பாதி தூரத்தில் பாதம் நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டது. அவள் ஓடி வந்து பிடித்தாள். அதற்கப்புறம் போகவில்லை.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்துப் படித்து மடிப்பே கிழிந்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் போவது, பஸ்ஸில் நிற்பது, உடுப்பு மடிப்பைப் பிரித்துத் தைப்பது. ஒவ்வொன்றையும் நான் செய்ததாக நினைத்துப் பார்த்தேன். பத்து வருஷம், அக்கா. உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தீரவில்லை. நேராகச் சொல் என்று உன்னைக் கேட்டுவிட்டு நான் மாற்றி எழுதக்கூடாது. தீரும் என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் மகளுக்கும் முன்னால் உன்னைத்தான் நினைக்கிறேன், அதுவும் நிஜம்.

வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வா. மகள் ஸ்டேஷனுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருவாள். நான் நாள் முழுக்க ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் நம் வாசற்படி முழுக்கத் தெரியும். நீ வரும்போது மெதுவாக ஏறி வா, அக்கா. தேவைப்படாவிட்டாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வா.

உன்,
கத்திரி